இந்தோனேசியாவின் வெளிநாட்டுறவும் உள்நாட்டுக் குழப்பங்களும்

ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை அந்நாட்டின் புவியியல் அமைப்பையும், வாணிபத் தேவைகளையும், அயல்நாடுகளின் வலிமையையும் அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்படுவதென அரசியல் நூல்கள் கூறும். நெடுங்காலம் நிலைபெற்ற ஆட்சியையும் உறுதியான பொருளாதாரத்தையும் உடைய நாடுகளைப் பொறுத்தவரை இக்கூற்றுப் பெரிதும் பொருந்துவதே. ஆனால், அந்நியராட்சியினின்றும் அண்மையில் விடுபட்ட நாடுகளின் நிலை வேறு. ஆட்சியிலுள்ளோரின் இருக்கையே உறுதியற்றதாயிருக்கும்போது, அவர் வெளியுலகை நோக்கி வைக்கும் ஒவ்வோரடியும் உள்நாட்டிலே தம்மை எதிர்ப்போரை மனத்திற்கொண்டே வைக்கப்படுகின்றது. எந்நாட்டுடன் நட்பு, எந்நாட்டுடன் பகை என்னும் வினாவுக்கான விடை, வெளிநாட்டலுவலகத்திலன்றி, படைமுகாம்களிலும் கட்சிக் கூட்டங்களிலும் அரிசிக் கடைகளிலுமே பலவேளைகளில் தீர்மானிக்கப்படுகின்றது.

இதனை விளக்குதற்கு இந்தோனேசியாவினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. அந்நாடு 1948ஆம் ஆண்டு முதலாகத் தன் வெளிநாட்டுக் கொள்கைக்கு ஒரே பெயரையே வழங்கி வந்துள்ளது. ‘சுதந்திரமும் செயலூக்கமும் உடைய கொள்கை’ என்பது அப்பெயரின் பொருள். சுகர்ணோவின் ஆட்சியிலும் இப்பெயர் மாறவில்லை. அவரை வீழ்த்திய சுகார்த்தோவின் ஆட்சியிலும் மாறவில்லை. பெயர் நிலைத்து நிற்க, அப்பெயரின் நிழலிலே அந்நாடு வாஷிங்டனையும் மொஸ்கோவையும் பீக்கிங்கையும் மாறிமாறி நாடியும் வெறுத்தும் வந்தது. இம்மாற்றங்களைத் தலைவர்களின் மனப்போக்கால் மட்டும் விளக்க முற்படுவோர் பாதி உண்மையையே காண்பர்.

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆந் திகதி இந்தோனேசியா தன் விடுதலையைப் பிரகடனஞ் செய்தது. ஒல்லாந்தர் அதனை ஏற்கவில்லை. மூன்றாண்டுகளின் பின்னர், சாவாவிலும் சுமாத்திராவிலும் சில பகுதிகளை மட்டும் தன்னாட்சியில் வைத்திருந்த குடியரசு, உணவும் துணியும் மருந்துமின்றி முற்றுகைக்குள் இருந்தது. உபசனாதிபதியும் பிரதம மந்திரியுமாய் விளங்கிய முகம்மது ஹத்தா 1948 செப்டெம்பர் 2ஆந் திகதி குடியரசின் பிரதிநிதிகள் முன் நிகழ்த்திய உரையிலேதான் மேற்கூறிய கொள்கை முதன்முதல் தெளிவாக எடுத்தோதப்பட்டது. அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம் என்னும் இரு பாறைகளுக்கிடையே தோணி செலுத்துவதாக அவர் அதனை உருவகித்தார். அவ்வுரை உலக அரசியல் பற்றியதாகத் தோன்றினும், அதன் நேரடி இலக்கு உள்நாட்டிலிருந்த இடதுசாரிகளே. மொஸ்கோவிலிருந்து அதற்கு முன்மாதந் திரும்பியிருந்த மூசோ என்னும் பொதுவுடைமைத் தலைவர், குடியரசு சோவியத்துப் பக்கஞ் சாரவேண்டுமென வாதாடிக் கொண்டிருந்தார்.

மூன்று வாரங்களுக்குள்ளே, சாவாவின் கிழக்குப் பகுதியிலுள்ள மடியூன் நகரிற் பொதுவுடைமையினர் கிளர்ச்சி செய்தனர். குடியரசின் படைகள் அதனை அடக்கின. ஒல்லாந்தரோடு போரிட்டுக் கொண்டிருந்த குடியரசுக்கு இது முதுகிற் பாய்ந்த ஈட்டியே. ஆயினும் அதன் விளைவு எவரும் எதிர்பாராதது. அதுகாறும் ஒல்லாந்தரின் சொல்லையே நம்பியிருந்த அமெரிக்கா, பொதுவுடைமையினரைத் தானாகவே அடக்கவல்ல ஓர் ஆசிய அரசு இங்கே உண்டென்பதைக் கண்டது. 1948 டிசம்பர் 19ஆந் திகதி ஒல்லாந்தர் மீண்டும் படையெடுத்துக் குடியரசின் தலைவர்களைச் சிறைப்பிடித்தபோது, ஆசிய நாடுகளின் எதிர்ப்பு வலுத்தது. இலங்கை அரசு தன் துறைமுகங்களையும் விமானத் தளங்களையும் ஒல்லாந்தப் படைகளுக்கு மறுத்தது. 1949 சனவரியில் நேரு புதுடில்லியிலே ஒரு மகாநாட்டைக் கூட்டினார். இவற்றோடு அமெரிக்காவின் நெருக்குதலும் சேரவே, மார்ஷல் திட்டத்தின் உதவி தடைப்படுமோ என அஞ்சிய ஒல்லாந்தர் பேச்சுவார்த்தைக்கு இசைந்தனர். 1949 டிசம்பர் 27ஆந் திகதி ஆட்சியுரிமை கைமாறியது. மடியூன் நிகழ்ச்சி இல்லாதிருப்பின் அமெரிக்கா இத்துணை விரைவிற் பக்கம் மாறியிருக்குமோ என்பது ஐயமே.

விடுதலைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. ஒல்லாந்த ஆட்சி விட்டுச்சென்ற கடனில் 430 கோடி கில்டரைப் புதிய அரசு ஏற்கவேண்டியதாயிற்று. அக்கடனின் ஒரு பகுதி குடியரசை நசுக்குதற்கெனவே செலவிடப்பட்டதாகும். நியூகினித் தீவின் மேற்குப் பாதியாகிய மேற்கு இரியனும் ஒல்லாந்தர் கையிலேயே விடப்பட்டது. அதுபற்றி ஓராண்டுக்குட் பேசித் தீர்ப்பதென உடன்பாடு. அவ்வோராண்டு பன்னிரண்டாண்டுகளுக்கு மேல் நீண்டது.

தொடர்ந்து வந்த பாராளுமன்ற ஆட்சிக் காலத்திலே மந்திரிசபைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அவற்றுள் 1952ஆம் ஆண்டு பெப்ரவரியில் வீழ்ந்த சுகிமானின் மந்திரிசபை இக்கட்டுரைப் பொருளோடு நேரடித் தொடர்புடையது. வெளிநாட்டு மந்திரி சுபார்ஜோ, அமெரிக்கத் தூதுவரோடு ஓர் உதவி ஒப்பந்தத்தைச் சகாக்களுக்கு அறிவியாமலே செய்துகொண்டார். ‘சுதந்திர உலகின்’ பாதுகாப்புக்குத் துணைநிற்றல் என்னும் நிபந்தனை அதிலிருந்தது. செய்தி வெளிப்பட்டதும் சுபார்ஜோ மட்டுமன்றி மந்திரிசபை முழுவதும் பதவி துறக்கவேண்டி நேர்ந்தது. இதன்பின் மேற்குலகோடு வெளிப்படையாகச் சேர எந்த மந்திரியும் துணியவில்லை. அணிசேராமை என்பது கொள்கையாயிருந்ததோடு, பதவியைக் காத்துக்கொள்ளும் வழியுமாயிற்று.

பாண்டுங் மகாநாட்டின் வரலாறும் இவ்வாறே நோக்கத் தக்கது. 1954 ஏப்ரில் இறுதியிற் கொழும்பிலே சேர் ஜோன் கொத்தலாவலையின் அழைப்பின் பேரிற் கூடிய ஐந்து பிரதம மந்திரிகளின் கூட்டத்தில், ஆசிய ஆபிரிக்க மகாநாடொன்றைக் கூட்டவேண்டுமென்ற எண்ணத்தை முன்வைத்தவர் இந்தோனேசியப் பிரதம மந்திரி அலி சாஸ்திரவமிஜோயோ ஆவார். ஏனையோர் முதலில் ஆர்வங் காட்டவில்லை. சிறு பெரும்பான்மையொன்றைக் கொண்டு ஆட்சி நடத்திய அலிக்கோ உள்நாட்டிற் காட்டத்தக்க ஒரு வெற்றி வேண்டியிருந்தது. 1955 ஏப்ரில் 18ஆந் திகதி 29 நாடுகளின் பிரதிநிதிகள் பாண்டுங்கிலே கூடினர், உலகமே வியந்தது. நான்கு மாதங்கள் கழியுமுன், படைத்தளபதியை நியமிப்பதில் எழுந்த பிணக்கினால் அலியின் மந்திரிசபை வீழ்ந்தது! உலகப் புகழும் உள்நாட்டுப் படையதிகாரிகளின் மறுப்பும் எதிர்நின்றபோது எது வென்றதென்பது வெளிப்படை. பாண்டுங்கின் சிறப்பை இது குறைப்பதன்று. உயர்ந்த நோக்கமும் உடனடித் தேவையும் ஒரே செயலிற் கலந்திருத்தல் அரசியலில் இயல்பே.

1955 செப்டெம்பரில் நடைபெற்ற பொதுத்தேர்தல் நெருக்கடியைத் தீர்க்குமென எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் தேசியக் கட்சி, மாசியுமி, நஹ்ததுல் உலமா, பொதுவுடைமைக் கட்சி ஆகிய நான்கும் வாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டனவேயன்றி, ஒன்றேனும் நான்கிலொரு பங்கை எட்டவில்லை. இதனினும் ஆழமான பிளவொன்று சாவாவுக்கும் புறத்தீவுகளுக்கும் இடையே இருந்தது. மக்களுட் பெரும்பாலார் சாவாவில் வாழ்ந்தனர். றப்பரும் எண்ணெயும் கொப்பறாவும் விளைந்து வெளிநாட்டுச் செலாவணி ஈட்டித் தந்தவையோ சுமாத்திராவும் செலெபீசும் பிறவும். நாணயமாற்று வீதம் ஏற்றுமதி செய்வோனுக்கு இழப்பையும் தலைநகரில் இறக்குமதி செய்வோனுக்கு ஊதியத்தையும் அளித்தது. புறத்தீவுகளிலிருந்த படைத்தளபதிகள் தம் வீரருக்குச் சம்பளங் கொடுப்பதற்கென்றே கொப்பறாவையும் றப்பரையும் கள்ளமாகச் சிங்கப்பூருக்கு அனுப்பலாயினர். 1956 டிசம்பர் முதலாந் திகதி சுமாத்திராவைச் சேர்ந்த ஹத்தா உபசனாதிபதிப் பதவியைத் துறந்தார். அம்மாதமே சுமாத்திராவிலே தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1957 மார்ச்சு 14ஆந் திகதி நாடெங்கும் படைச்சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது.

நாடு இவ்வாறு பிளவுண்ட வேளையில், யாவரையும் ஒன்றுசேர்க்கவல்ல விடயம் ஒன்றே எஞ்சியிருந்தது. அதுவே மேற்கு இரியன். 1957 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் இந்தோனேசியாவின் பிரேரணை மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெறாது தோற்றதும், தொழிலாளர் ஒல்லாந்தரின் தோட்டங்களையும் வங்கிகளையும் கப்பற் கம்பனியையும் கைப்பற்றினர். ஒல்லாந்தர் பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், தொழிற்சங்கங்கள் கைப்பற்றிய சொத்துக்களை உடனேயே படையதிகாரிகள் தம் மேற்பார்வைக்குட் கொண்டுவந்தமையாகும். ஒல்லாந்தரை எதிர்த்து எடுத்த நடவடிக்கை, படையினருக்கு நிலையான வருவாயையும் ஆட்சியிலே பங்கையும் ஈட்டிக் கொடுத்தது. தீவுகளுக்கிடையே ஓடிய ஒல்லாந்தக் கப்பல்கள் நாட்டை விட்டகன்றமையாற் புறத்தீவுகளின் வாணிபம் மேலும் நலிந்தது. பிளவை மறைக்க எடுத்த மருந்து நோயை வளர்த்தது.

இக்குழப்பத்தின் நடுவிலே நன்மையொன்றும் விளைந்ததை மறைத்தலாகாது. 1957 டிசம்பர் 13ஆந் திகதி பிரதம மந்திரி ஜுவாண்டா, இந்தோனேசியத் தீவுகளுக்கிடையேயுள்ள கடல் முழுவதும் அந்நாட்டுக்கே உரியதெனப் பிரகடனஞ் செய்தார். ஒல்லாந்தப் போர்க்கப்பல்கள் தீவுகளினூடே சென்று வருவதைத் தடுத்தலும், பிரிவினையை நாடிய தீவுகளைச் சட்டத்தாலேனும் ஒருங்கிணைத்தலும் அதன் நோக்கங்களாம். பெரிய கடல்வல்லரசுகள் இதனை ஏற்க மறுத்தன. கால் நூற்றாண்டின் பின், 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சாசனம் தீவுக்கூட்ட நாடு என்னும் இக்கருத்தைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. இந்தோனேசியாவின் வெளிநாட்டுச் சாதனைகளுள் நிலைத்து நிற்பது இதுவே எனல் மிகையாகாது.

1958 பெப்ரவரி 15ஆந் திகதி சுமாத்திராவின் படாங் நகரிற் கிளர்ச்சியாளர் தனியரசொன்றை அறிவித்தனர். மாசியுமிக் கட்சியின் பெருந்தலைவர்கள் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர். ஜகார்த்தாவிற் பொதுவுடைமையினரின் செல்வாக்கு வளர்வதைக் கண்டு அஞ்சிய அமெரிக்கா, கிளர்ச்சியாளருக்கு ஆயுதமும் விமானங்களும் மறைவில் வழங்கியது. வெளியிலோ தான் நடுநிலை வகிப்பதாகக் கூறியது. மே 18ஆந் திகதி அம்போனில் ஒரு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதனை ஓட்டிய அலன் போப் என்னும் அமெரிக்கர் உயிரோடு பிடிபட்டபோது அம்மறைவு கிழிந்தது. கிளர்ச்சியும் ஒருசில மாதங்களுள் வலியிழந்தது. அமெரிக்கா தான் அஞ்சிய விளைவுகளைத் தானே உண்டாக்கிற்று என்பதே இதன் விசித்திரம். பொதுவுடைமையினருக்கு எதிரான கட்சிகளாகிய மாசியுமியும் சோசலிசக் கட்சியும் கிளர்ச்சியின் கறைபடிந்து 1960ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டன. பொதுவுடைமைக் கட்சியோ நாட்டுப்பற்று மிக்கதெனப் பெயர்பெற்றது. சுகர்ணோ மேற்குலகின் மீது கொண்ட ஐயம் பின்னர் ஒருபோதும் நீங்கவில்லை.

1959 யூலை 5ஆந் திகதி சுகர்ணோ 1945ஆம் ஆண்டின் அரசியலமைப்பை மீண்டும் நடைமுறைப்படுத்தி, ‘வழிநடத்தப்படும் சனநாயகம்’ என்னும் ஆட்சிமுறையை நிறுவினார். பாராளுமன்றம் வலியிழந்த பின்னர் ஆட்சி மூன்று கால்களில் நின்றது. ஒருபுறம் படை, மறுபுறம் பொதுவுடைமைக் கட்சி, இடையே இரண்டையும் சமன்செய்த சுகர்ணோ. சுகர்ணோவுக்குத் தமக்கெனக் கட்சியுமில்லை, படையுமில்லை. நாவன்மையும் மக்கள் செல்வாக்குமே அவர்தம் உடைமை. இம்மூன்று கால்களும் சாயாது நிற்கவேண்டுமாயின் நாடு எப்பொழுதும் ஏதாவதொரு போராட்டத்தில் ஈடுபட்டிருத்தல் இன்றியமையாததாயிற்று.

முதற்போராட்டம் மேற்கு இரியனுக்கானது. அமெரிக்கா விற்க மறுத்த ஆயுதங்களைச் சோவியத்து ஒன்றியம் கடனுக்குக் கொடுக்க முன்வந்தது. 1960இற் குருச்சேவ் வந்து 25 கோடி டொலர் கடனளித்துச் சென்றார். 1961 சனவரியில் மொஸ்கோ சென்று பேரளவில் ஆயுதம் வாங்கிவந்தவர் தளபதி நசுத்தியோன். பொதுவுடைமைக் கட்சியை வெறுத்த தளபதியே சோவியத்து ஆயுதங்களுக்காகக் கையொப்பமிட்டார். படை தன் வலிமைக்கு எங்கிருந்து ஆயுதம் வந்தாலும் ஏற்கும் என்பது இதனாற் புலனாகும். இந்தோனேசியா முற்றாகச் சோவியத்துப் பக்கஞ் சாய்ந்துவிடுமென அஞ்சிய கெனடி அரசு ஒல்லாந்தரை நெருக்கியது. 1962 ஓகஸ்ட் 15ஆந் திகதி நியூயோர்க்கில் ஒப்பந்தமாயிற்று. 1963 மே முதலாந் திகதி மேற்கு இரியன் இந்தோனேசியாவின் கைக்கு வந்தது. இரு வல்லரசுகளின் போட்டியைப் பயன்படுத்திப் பெரும் போரின்றி இலக்கை எய்தியமை சுகர்ணோவின் இராசதந்திரத்தின் உச்சமெனலாம்.

ஆனால் வெற்றியே அடுத்த நெருக்கடிக்கு வித்தாயிற்று. அதே மே முதலாந் திகதி படைச்சட்டம் நீக்கப்பட்டது. போரில்லையேற் படையினருக்குப் பெருந்தொகை எதற்கு என்னும் வினா எழுந்தது. முதல் மந்திரி ஜுவாண்டா 1963 மே 26ஆந் திகதி பொருளாதாரச் சீர்திருத்தக் கட்டளைகளை வெளியிட்டார். அவற்றுக்கு அமெரிக்காவும் சர்வதேச நாணய நிதியமும் ஆதரவளிக்க இருந்தன. அரச செலவைக் குறைத்து, விலைகளை உண்மை நிலைக்குக் கொண்டுவந்து, ஏற்றுமதியைப் பெருக்குதல் அவற்றின் நோக்கம். விலை உயர்வால் நகர மக்கள் துன்புற்றனர். வெளிநாட்டார் கட்டளைக்கு நாடு அடிபணிவதாகப் பொதுவுடைமைக் கட்சி குற்றஞ்சாட்டியது. ஒருபுறம் கடன்கொடுப்போர் காட்டிய கரடுமுரடான சீர்திருத்த வழி. மறுபுறம் கொடிகளும் முழக்கங்களும் நிறைந்த போராட்ட வழி. இந்த நாற்சந்தியிலேதான் மலேசியப் பிரச்சினை குறுக்கிட்டது.

மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக்கு ஆகியவற்றை இணைத்து மலேசியாவை அமைக்கும் திட்டத்தை இந்தோனேசியா முதலில் வன்மையாக எதிர்க்கவில்லை. 1962 டிசம்பரிற் புரூணையில் எழுந்த கிளர்ச்சியின் பின்னரே அதன் குரல் மாறியது. 1963 சனவரி 20ஆந் திகதி வெளிநாட்டு மந்திரி சுபந்திரியோ ‘எதிர்மோதல்’ கொள்கையை அறிவித்தார். யூலை இறுதியில் மணிலாவிலே மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடிச் சமாதானம் பேசியபோது, பிணக்குத் தீருமென்றே பலரும் நம்பினர். செப்டெம்பர் 16ஆந் திகதி மலேசியா பிறந்தது. இரு நாட்களின் பின் ஜகார்த்தாவிற் பிரித்தானியத் தூதரகம் தீக்கிரையாயிற்று. சிங்கப்பூருடனும் மலாயாவுடனும் வாணிபம் துண்டிக்கப்பட்டது. இந்தோனேசிய றப்பரிற் பெரும்பங்கு சிங்கப்பூரிலேயே பதனிடப்பட்டு உலகச் சந்தைக்குச் சென்றதாதலின், இத்துண்டிப்பு மலேசியாவைத் தாக்கியதினும் இந்தோனேசியாவையே கடுமையாகத் தாக்கியது. நாணய நிதியத்தின் திட்டம் நான்கே மாதங்களிற் கைவிடப்பட்டது.

இதனைச் சுகர்ணோவின் ஆணவமென்று கூறி ஒதுக்குவோர் பலர். தம்மைக் கலந்தாலோசியாமற் பிரித்தானியர் அயலில் ஒரு நாட்டை ஆக்குவதைக் கண்டு அவர் வெகுண்டது உண்மையே. 1958இல் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கிளர்ச்சியாளருக்கு உதவி சென்றதையும் அவர் மறக்கவில்லை. எனினும், அவரது வெகுளியொன்றே காரணமாயின் படையும் கட்சியும் ஏன் உடன்சென்றன? மூன்று கால்களுக்கும் அப்போராட்டம் தேவைப்பட்டது. ஆனால் மூன்றுக்கும் வெவ்வேறு காரணங்களுக்காகத் தேவைப்பட்டது. அமைதி நிலவின், படை தன் வரவுசெலவுப் பங்கையும் குடியியல் அதிகாரங்களையும் இழக்கும். சீர்திருத்தம் வெல்லின், பொதுவுடைமைக் கட்சி அமெரிக்க ஆதரவுடைய அரசொன்றின்கீழ் ஒடுக்கப்படும். இருவரும் தமக்குள்ளே மோதிக்கொள்ளின், சுகர்ணோவுக்கு இடமே இல்லை. ஆதலின் யாவரும் வெளியே கைநீட்டினர்.

போர் தொடங்கியபின் அம்மூவரின் வழிகளும் பிரிந்தன. கட்சி அதனைக் கொண்டு ஊர்தோறும் மக்களைத் திரட்டியது. 1965இல் முப்பது இலட்சம் உறுப்பினர் தனக்குண்டெனக் கூறியது. தொழிலாளருக்கும் உழவருக்கும் ஆயுதங் கொடுத்து ‘ஐந்தாம் படை’ அமைக்கவேண்டுமெனவுங் கேட்டது. இக்கோரிக்கையைக் கேட்ட தளபதிகள், உண்மையான எதிரி போர்னியோக் காட்டில் இல்லை என்று எண்ணலாயினர். சாவாவை விட்டுச் சிறந்த படைகளை அனுப்ப அவர்கள் மனம் ஒப்பவில்லை. மலேசியாவுக்கெதிரான படைத்தலைமையில் இரண்டாமிடத்திலிருந்த சுகார்த்தோவின் ஆட்களே இரகசியமாக மலேசியரைச் சந்தித்துச் சமாதானத்துக்கு வழிதேடினர். தலைநகரின் வானொலி மலேசியாவை நசுக்குவோமென முழங்க, போரை நடத்தவேண்டியோரே அதை நிறுத்த முயன்ற வரலாறு வேறெங்கும் எளிதிற் காணக்கிடையாது.

மறுபுறத்திற் பிரித்தானியாவும் அதன் துணைநாடுகளும் சுமார் 50,000 வீரரை அப்பிரதேசத்தில் நிறுத்தின. மலேசியா பாதுகாப்புச் சபையில் இடம்பெற்றதைக் கண்டித்து 1965 சனவரியில் இந்தோனேசியா ஐக்கிய நாடுகள் தாபனத்தை விட்டு விலகியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 17ஆந் திகதி, ஜகார்த்தா, நொம்பென், ஹனோய், பீக்கிங், பியொங்யாங் என்னும் ஐந்து தலைநகரங்களின் அச்சொன்றைச் சுகர்ணோ அறிவித்தார். பாண்டுங்கில் 29 நாடுகளை வரவேற்ற அரசு பத்தாண்டுகளுள் இத்துணைத் தனிமையை அடைந்தது. உள்நாட்டிலோ 1965ஆம் ஆண்டில் விலைகள் ஏறத்தாழ ஏழு மடங்காயின. சம்பளத்தை மட்டுமே நம்பிய ஆசிரியரும் எழுதுவினைஞரும் பகலில் அலுவலகத்துக்குச் செல்வதே வீண் என்னும் நிலைக்கு வந்தனர்.

1965 ஒக்டோபர் முதலாந் திகதி விடியுமுன், ஆறு தளபதிகளும் ஓர் இளநிலை அதிகாரியும் கொல்லப்பட்டனர். அச்சூழ்ச்சியின் முழு வரலாறு இன்றுவரை வாதத்துக்குரியதே. விளைவு மட்டும் ஐயமற்றது. சுகார்த்தோ படைத்தலைமையைக் கைப்பற்றினார். தொடர்ந்த மாதங்களிற் பொதுவுடைமையினரென்றும் அவர்தம் ஆதரவாளரென்றும் கருதப்பட்டோர் ஐந்து இலட்சம் பேரளவிற் கொல்லப்பட்டனரெனப் பொதுவாக மதிப்பிடுவர். எண்ணற்றோர் விசாரணையின்றிச் சிறையிடப்பட்டனர். மனிதவுரிமை பற்றி ஓயாது பேசும் மேற்குலக அரசுகள் அம்மாதங்களில் வாய்திறக்கவில்லை. வல்லரசுப் போட்டியிலே தமக்குக் கிடைத்த ஆதாயத்தையே அவை எண்ணின. இக்கொலைகளின் நிழலை மறந்து பின்வந்த இராசதந்திர வெற்றிகளை மட்டும் போற்றுவது நேர்மையாகாது.

1966 மார்ச்சு 11ஆந் திகதி சுகர்ணோ அதிகாரத்தைச் சுகார்த்தோவுக்கு அளிக்கும் கட்டளையில் ஒப்பமிட்டபின் யாவும் விரைந்து மாறின. புதிய வெளிநாட்டு மந்திரி ஆதம் மாலிக்கும் மலேசியாவின் துன் அப்துல் ரசாக்கும் ஓகஸ்ட் 11ஆந் திகதி சமாதான ஒப்பந்தஞ் செய்தனர். செப்டெம்பரில் இந்தோனேசியா ஐக்கிய நாடுகள் தாபனத்துக்குத் திரும்பியது. 1967 சனவரியில் அந்நிய முதலீட்டுச் சட்டம் நிறைவேறியது. ஓகஸ்ட் 8ஆந் திகதி பாங்கொக்கிலே ஐந்து நாடுகள் கூடித் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கத்தை நிறுவின. ஒக்டோபரிற் சீனாவுடனான இராசதந்திர உறவு நிறுத்தப்பட்டது. 1990 ஓகஸ்ட் வரை அது மீளவில்லை.

இத்தலைகீழ் மாற்றத்தையும் உள்நாட்டு நெருக்கடியே இயக்கியது. புதிய ஆட்சி 240 கோடி டொலர் அளவான வெளிநாட்டுக் கடனை ஏற்றது. அதிற் பெரும்பங்கு மேற்கு இரியனுக்காகவும் மலேசியாவுக்கெதிராகவும் வாங்கிய சோவியத்து ஆயுதங்களின் விலை. அரிசி விலையைக் கட்டுப்படுத்தாவிடின் சுகர்ணோவுக்கு நேர்ந்ததே தமக்கும் நேருமென்பதைச் சுகார்த்தோ அறிவார். அரிசிக்குக் கடன் வேண்டும். கடனுக்கு மேற்குலகும் யப்பானும் வேண்டும். அவர்களது நம்பிக்கைக்கு அயலில் அமைதி வேண்டும். ஆதலாற்றான் சமாதானம் வந்தது. 1967 பெப்ரவரியிற் கடன்கொடுக்கும் நாடுகள் அம்ஸ்ரடாமிற் கூடின. அக்குழுவுக்குத் தலைமை வகித்த நாடு எது? பத்தாண்டுகளுக்கு முன் சொத்துக்களைப் பறித்து வெளியேற்றப்பட்ட அதே ஒல்லாந்து!

சுகார்த்தோவின் ஆட்சி முப்பதாண்டு நீடித்தது. எதிர்க்கட்சிகள் ஒடுக்கப்பட்டும், எண்ணெய் வருவாய் பெருகியும் இருந்தமையால், வெளிநாட்டுறவும் ஒரே சீராய்ச் சென்றது. 1997இல் ஆசிய நாணய நெருக்கடி தாக்கியபோது அச்சீர் குலைந்தது. டொலருக்கு ஏறத்தாழ 2,400 ஆக இருந்த ருப்பியா 1998 தொடக்கத்தில் 10,000ஐத் தாண்டி வீழ்ந்தது. சனவரி 15ஆந் திகதி சுகார்த்தோ குனிந்து ஒப்பமிட, நாணய நிதியத்தின் தலைவர் கைகட்டி நின்று பார்த்த படம் நாடெங்கும் மனக்கொதிப்பை ஏற்படுத்தியது. மே 21ஆந் திகதி அவர் பதவி துறந்தார்.

அவர்பின் வந்த ஹபீபி கட்சியிலும் படையிலும் வலுவான பிடிப்பற்றவர். வெளிநாட்டாரின் பணமும் நன்மதிப்பும் அவருக்கு உடனே வேண்டியிருந்தன. 1975 முதல் இந்தோனேசியா ஆக்கிரமித்திருந்த கிழக்குத் தீமோரின் மக்களே தம் எதிர்காலத்தை முடிவுசெய்யலாமென்ற அறிவிப்பு 1999 சனவரி 27ஆந் திகதி வெளியாயிற்று. ஓகஸ்ட் 30ஆந் திகதி வாக்களித்தோருள் 78.5 வீதத்தினர் பிரிந்து செல்வதையே விரும்பினர். படையினரும் அவர்தம் கையாட்களும் அத்தீர்ப்பைப் பொறாது நாட்டைத் தீக்கிரையாக்கினர். செப்டெம்பர் 20ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் தலைமையிற் பன்னாட்டுப் படை அங்கே இறங்கியது. உள்நாட்டு வெறுப்பைத் தணிக்கும்பொருட்டு ஜகார்த்தா அரசு, அவுஸ்திரேலியாவோடு 1995இற் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையை அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே இரத்துச் செய்திருந்தது. அதுவும் ஹபீபியைக் காக்கவில்லை. ஒக்டோபரில் மக்கள் ஆலோசனை மன்று அவரது ஆட்சியறிக்கையை நிராகரித்தது.

அவுஸ்திரேலியாவோடு புதிய பாதுகாப்பு உடன்படிக்கை லொம்பொக்குத் தீவில் 2006 நவம்பர் 13ஆந் திகதியே கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில், தோணியேறி வந்த பப்புவா மக்கள் 42 பேருக்கு அவுஸ்திரேலியா அடைக்கலம் அளித்தமையால் இந்தோனேசியா தன் தூதுவரைத் திருப்பியழைத்திருந்தது. ஒரு நாட்டின் பிரிவினையாளருக்கு மற்ற நாடு துணைபோகாது என்னும் வாசகத்தைப் புதிய உடன்படிக்கையிற் சேர்க்கவேண்டுமென ஜகார்த்தா வற்புறுத்தியது. அவ்வாசகம் எழுதப்படும்போது இரு தரப்பினரின் மனத்திலும் இருந்த பிரதேசம் பப்புவா. 1963இற் கொடியேற்றி வரவேற்கப்பட்ட அதே மேற்கு இரியன்.